மடிக்கடலை

கடலை விதைக்கிற பெண்களின் வாயைக் கட்டிய கொல்லைக்காரர் எங்கள் பக்கத்தில் இன்னும் பிறக்கவில்லை. ஏர் முன்னால் போகும். இடுப்பில் கூடையோடு பெண்கள் பின்னால் போவார்கள். உழுத சாலில் நாலு பருப்பு விழுந்தால் ஒன்று வாயில் விழும். கொல்லைக்காரர் வரப்பில் நின்றுகொண்டு, "வெதைக்க வந்தீங்களா, மேய வந்தீங்களா?" என்று கத்துவார். "வாயி ஓடுனாத்தாங்க கையி ஓடும்" என்று பதில் வரும். இது வருஷாவருஷம் நடக்கிற சண்டை. கொல்லைக்காரர்களில் சில கெட்டிக்காரர்கள் விதைப் பருப்பில் வேப்பெண்ணெயோ மண்ணெண்ணெயோ தெளித்துப் பிசறி வைத்துவிடுவார்கள். வாயில் போட்டவள் தூ தூவென்று துப்புவாள். அன்று பொழுது சாயும்வரை அந்த ஆளின் கஞ்சத்தனம்தான் கொல்லையில் பேச்சாக இருக்கும்.

புளியங்குழி ராசாங்கம் அந்தக் கெட்டிக்காரர்களில் முதல் ஆள். ஊர் அவரைக் கஞ்சன் என்றது. அதில் பாதிதான் நியாயம். அவருடைய அப்பா கடைசிவரை அடுத்தவர் கொல்லையில் ஏர் ஓட்டியே செத்தவர். ராசாங்கம் அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் குழிகளில் இளமையெல்லாம் கல் சுமந்து, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, உடையார்பாளையத்துக்குத் தெற்கே முந்திரிக் காடு முடிகிற இடத்தில் இரண்டு துண்டு செம்மண் வாங்கினார். ஒன்று மேட்டுக்கொல்லை, இன்னொன்று பள்ளக்கொல்லை. அந்தக் குடும்பத்தில் சொந்த மண்ணில் நின்ற முதல் ஆள் அவர்தான். ஒரு பருப்பு வீணாய்ப் போனாலும் அவருக்கு வயிறு எரியும்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. விதைத்து முடிந்தபின் கூடையில் மிஞ்சிய பருப்பை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது. கொல்லைக்குப் போன விதை வீடு திரும்பினால் அந்த வருஷம் விளைச்சல் இல்லை என்பார்கள். மிஞ்சியதை விதைத்த பெண்களின் முந்தானையில் போட்டு அனுப்ப வேண்டும். அதற்கு மடிக்கடலை என்று பெயர். ஒரு வருஷம் ராசாங்கம் அதையும் மிச்சம் பிடித்தார். மிஞ்சிய பருப்பைத் துண்டில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்து பானையில் போட்டு வைத்தார். ஒரு மாதம் போனதும் பள்ளக்கொல்லைச் செடிகள் திட்டுத் திட்டாக வாடின. பிடுங்கிப் பார்த்தால் வேரே இல்லை. அடிமண்ணில் வேர்ப்புழு வெள்ளை வெள்ளையாய்ச் சுருண்டு கிடந்தது.

காரணம் கண்டுபிடிக்க ஊருக்கு வெகுநேரம் ஆகவில்லை. முதலில் சொன்னவள் அவருடைய தங்கை ஆண்டாயிதான்.

"எங்க மடிக்கு வர வேண்டியத வூட்டுக்குக் கொண்டு போனியே அண்ணே. இப்ப பாரு, அள்ள ஒண்ணுமில்ல."

ஆண்டாயிக்கு வாய் நீளம். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டாள். திருப்பூருக்கு வேலைக்குப் போன புருஷன் அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டதால், அண்ணன் வீட்டுக்குப் பின்னால் ஒரு கூரைவீடு போட்டுக்கொண்டு மகள் தேன்மொழியோடு இருந்தாள். தேனுவுக்கு ஐந்து வயது. பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அண்ணன் கொல்லையிலும் ஆண்டாயி மற்றவர்களைப்போலக் கூலிக்குத்தான் போனாள். அண்ணன் பருப்பில் மண்ணெண்ணெய் பிசறியபோது எல்லோரையும்விட உரக்கத் துப்பியவளும் அவள்தான்.

அடுத்தது கார்கில் சண்டை நடந்த வருஷம். ஆடி முழுக்க மழை ஏய்த்துவிட்டது. வானம் மத்தியானத்தில் கறுக்கும், சாயங்காலம் வெளுத்துவிடும். ஊரே உழுது போட்ட மண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த நாளில்தான் வெற்றிச்செல்வி பெரம்பலூரிலிருந்து ஒரு தோல்பையோடு வந்து இறங்கினாள். பி.எட். படிக்கிற பெண். பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியில் தொழிற்கல்வி விவசாயப் பிரிவுக்குக் கற்பித்தல் பயிற்சிக்காக அனுப்பியிருந்தார்கள். தங்க இடம் இல்லை. அந்தப் பிரிவில் பிளஸ் ஒன் படித்த சக்தி, "எங்க வூட்ல சைடு ரூம் சும்மாத்தான் கெடக்கு டீச்சர்" என்று கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். சக்தி ராசாங்கத்தின் ஒரே மகள்.

வெற்றிச்செல்விக்குப் பாடம் நன்றாக வரும். நம்ப வைப்பது இன்னும் நன்றாக வரும். ஒன்றைச் சொன்னால் அதை எதிரில் இருப்பவர் அந்த நிமிஷமே ஒப்புக்கொள்ள வேண்டும் அவளுக்கு. ஒப்புக்கொள்ளாத முகத்தைப் பார்த்தால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. வகுப்பில் அந்தக் குணம் அவளுக்குக் கைகொடுத்தது. நாலு நாளில் பிள்ளைகள் அவள் பின்னாலேயே சுற்றினார்கள். பிரிவாசிரியர் அரியமுத்து சார், "இந்தப் பொண்ணு வந்ததுல இருந்து பயலுவ கேள்வி கேக்குறானுவளே" என்று ஆச்சரியப்பட்டார்.

ஆவணி பிறந்ததும் மழை இறங்கியது. மேட்டுக்கொல்லையை முதலில் விதைத்தார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை. வெற்றிச்செல்வி ஒரு பொட்டலத்தைப் பிரித்து, ஆறிய வடிகஞ்சியில் கறுப்புத் தூளைக் கரைத்து, கடலைப் பருப்பில் ஊற்றிப் பிசறினாள். பருப்பெல்லாம் கரி பூசியதுபோல் ஆயிற்று. வேலைக்கு வந்த பெண்கள் கூடையைத் தொடவில்லை.

"என்னா டீச்சர் இது, அடுப்புக் கரியக் கரைச்சு ஊத்திட்ட?" என்றாள் உண்ணாமலை. அடுத்த தெருக்காரி. ஆண்டாயிக்கு எங்கே போனாலும் கூட்டாளி.

"கரி இல்லக்கா, ரைசோபியம். நல்ல கிருமி. வேர்ல முடிச்சு போட்டு உரம் குடுக்கும்."

"கிருமியில என்னா நல்ல கிருமி?"

"மோர்ல இருக்குற மாதிரி. ஒடம்புக்கு ஒண்ணும் பண்ணாது."

ஆண்டாயி சிரித்தாள். "எங்கண்ணன் புதுசா கண்டுபிடிச்சிருக்கான்டி. மண்ணெண்ணெய்க்குப் பதிலா கரி. நம்ம வாயக் கட்ட டீச்சரக் கூட்டியாந்துட்டான்."

பெண்களெல்லாம் சிரித்தார்கள். ராசாங்கம் வரப்பில் நெளிந்தார். வெற்றிச்செல்விக்கு முகம் சிவந்துவிட்டது. கூடையிலிருந்து ஒரு பருப்பை எடுத்தாள். அப்படியே வாயில் போட்டுக் கடித்து, மென்று, விழுங்கினாள். பல்லெல்லாம் கறுப்பாக, "இப்ப சொல்லுங்க" என்றாள்.

பிறகு ஆண்டாயி ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். "கஞ்சி வாடைதான்டி அடிக்குது" என்றாள். ஏர் கிளம்பியது. அன்று சாலிலும் வாயிலும் பருப்பு வழக்கம்போல் விழுந்தது. தேனு வரப்பில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் வீட்டில், தானும் இரண்டு தின்று கறுத்திருந்த பல்லைக் காட்டி, "இப்ப சொல்லுங்க, இப்ப சொல்லுங்க" என்று எல்லோரிடமும் போனாள். வெற்றிச்செல்வி அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அந்த ஊரில் காலூன்றிவிட்டதாக அவளுக்கு ஒரே சந்தோஷம்.

பள்ளக்கொல்லை பாக்கி இருந்தது. அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே ராசாங்கம் சோற்றுத் தட்டில் கையை நிறுத்திவிடுவார். ஒரு நாள் மலர்கொடி முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும் வைத்திருந்தாள். மலர்கொடி அவர் மனைவி. புருஷன் பேசாத பேச்சையும் சேர்த்துப் பேசுகிறவள்.

"பள்ளத்துல இந்த வருசமும் புழு அள்ளிக்கிட்டுப் போச்சுன்னா இந்த மனுசன் மறுபடி கல்லுக்குழிக்குத்தான் போவணும் டீச்சர். முதுகு தாங்காது" என்றாள்.

"புழு மண்ணுலயே இருக்கும்ணே. முட்ட போட்டு வச்சிருக்கும்" என்றாள் வெற்றிச்செல்வி. "வெதையிலயே மருந்து கலந்துட்டா வேரக் கடிக்க வர்றப்ப செத்துரும். பாடத்துல இருக்கு. நானே செஞ்சு தரேன். புள்ளைங்களுக்கும் செய்முறை ஆச்சு."

ராசாங்கம் நிமிர்ந்து பார்த்தார். "மடிக்கடலயும் குடுக்கப் போறேன், மருந்தும் போடப் போறேன். அப்பறம் எந்தப் புழு வருதுன்னு பாப்பம்" என்றார். மடிக்கடலை என்ற வார்த்தை வெற்றிச்செல்வி காதில் விழுந்தது. பேச்சோடு பேச்சாகப் போய்விட்டது. அது என்னவென்று அவள் கேட்கவில்லை.

விதைப்புக்கு முந்தின நாள் சாயங்காலம் களத்தில் செய்முறை நடந்தது. பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். வெற்றிச்செல்வி உறை மாட்டிய கையால் குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்தைப் பருப்பில் ஊற்றி மெதுவாகப் பிசறினாள். மண்ணெண்ணெய்போல் நெடி கிளம்பி மூக்கில் ஏறியது. நிழலில் சாக்கு விரித்து உலர்த்தினார்கள். யாரும் தொடக் கூடாது, காற்றுக்கு எதிரில் நிற்கக் கூடாது, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். எல்லாம் சொன்னாள். காலிப் பாட்டிலை நொறுக்கிக் குழி தோண்டிப் புதைக்கவும் செய்தாள். மறுநாள் விடிந்ததும் அதன்மேல் வடிகஞ்சியும் கறுப்புத் தூளும் போட்டுப் பிசறினாள். அதுவும் பாடத்தில் உள்ள முறைதான். பருப்பு கருகருவென்று ஆயிற்று. மேட்டுக்கொல்லைப் பருப்புக்கும் இதற்கும் பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை.

பெண்கள் வந்தார்கள். உண்ணாமலை கூடையை மோந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"ஆண்டாயி, இத மோந்து பாருடி. ஒங்கண்ணன் பழையபடி ஆரம்பிச்சிட்டான்."

"அக்கா, அது மண்ணெண்ணெய் இல்ல. மருந்து. வெஷம். இன்னைக்கு ஒண்ணுகூட வாயில போடக் கூடாது" என்றாள் வெற்றிச்செல்வி. "கையில துணி சுத்திக்கிட்டுப் போடுங்க."

"அன்னைக்கித் தின்ன, இன்னைக்கி வேணாங்குற?" என்றாள் உண்ணாமலை.

"அது வேற, இது வேறக்கா."

"சரி டீச்சர், சரி டீச்சர்" என்றாள் ஆண்டாயி. அவள் கண் அண்ணன்மேல் இருந்தது. அந்தக் கண்ணில் சிரிப்பு இருந்தது. டீச்சர் பாவம், அண்ணன் சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிறாள் என்று அதற்கு அர்த்தம். வெற்றிச்செல்விக்கு அது புரியவில்லை. பெண்கள் வாயில் போடவில்லை என்பதை மட்டும் பார்த்தாள். அவர்கள் போடாதது நெடிக்காகத்தான். நாலைந்து சால் முடிகிறவரை நின்று பார்த்துவிட்டு, புடவையை மாற்றிக்கொண்டு சக்தியோடு பள்ளிக்கு ஓடினாள். அன்று மத்தியானம் கல்லூரியிலிருந்து பேராசிரியர் அவள் வகுப்பைப் பார்க்க வருகிறார். அவள் வாங்கப்போகிற மார்க்கில் பாதி அந்த ஒரு வகுப்பில் இருந்தது.

பேராசிரியர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அரியமுத்து சார் வாசலில் நின்றார். பாடம் விதை நேர்த்தி. வெற்றிச்செல்வி அன்று எடுத்ததுபோல் பாடம் எடுத்ததே இல்லை. முந்தின நாள் பார்த்ததுதான் என்பதால் பிள்ளைகளும் கேட்ட கேள்விக்கெல்லாம் கையைத் தூக்கினார்கள்.

"மருந்து கலந்த விதை மீந்துபோனால் என்ன செய்ய வேண்டும்? சக்தி."

சக்தி எழுந்தாள். "மருந்து கலந்த விதையில் மீதியை உணவாகவோ தீவனமாகவோ பயன்படுத்தக் கூடாது. ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்துவிட வேண்டும்."

பேராசிரியர் தலையை ஆட்டினார். சக்தி உட்காரவில்லை. வாய் லேசாகத் திறந்தபடி நின்றாள்.

"ஒக்காரும்மா" என்றாள் வெற்றிச்செல்வி.

"டீச்சர், எங்க கொல்லையில மீந்தத இப்ப என்னா பண்ணியிருப்பாங்க?"

"பொதச்சிருப்பாங்க."

"இல்லிங்க டீச்சர். எங்கூர்ல பொதைக்க மாட்டாங்க. வெதச்சவங்க மடியில போட்டு அனுப்பிருவாங்க. இந்த வருசம் நெறைய குடுக்கணும்னு அப்பா சொல்லிக்கிட்டே இருந்துச்சு."

"மடிக்கடலை டீச்சர்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "வறுத்துத் தின்னா செமயா இருக்கும்" என்று இன்னொன்று. வகுப்பு சிரித்தது.

வெற்றிச்செல்வி சாக்பீஸைக் கீழே வைத்தாள். பேராசிரியரிடம் போய், தான் உடனே கிளம்ப வேண்டும் என்று தணிந்த குரலில் சொன்னாள். அவருக்கு விஷயம் சரியாக விளங்கவில்லை. "மீள்பார்வை மட்டும்தானம்மா பாக்கி. அத முடிச்சிட்டுப் போயிடு. இல்லன்னா நான் மார்க் போட முடியாது" என்றார்.

அவள் போயிருக்க வேண்டும். போகவில்லை. கரும்பலகைக்குத் திரும்பி, விதை நேர்த்தியின் பயன்கள் என்று எழுதினாள். கேட்டாள், பிள்ளைகள் சொன்னார்கள், எழுதினாள். சக்தி மட்டும் உட்காராமல் நின்றபடியே ஜன்னல் வழியே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாடம் ஒழுங்காக முடிந்தது. அந்த வகுப்புக்குத்தான் வெற்றிச்செல்விக்குப் பிற்பாடு அந்தக் கல்லூரியிலேயே உயர்ந்த மார்க் வந்தது.

சக்தியின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனாள். அரியமுத்து சார் வண்டி பிடித்துக்கொண்டு வருவதாகச் சொன்னார். முந்திரிக் காட்டுப் பாதையில் சைக்கிள் மண்ணில் புதைந்து புதைந்து நின்றது. மறுபடி கறுத்த வானம் தலைக்குமேல் அசையாமல் நின்றது. பள்ளக்கொல்லை ஓரமாக வந்தபோது புதுச் சாலில் ஒரு மைனா கால்களை மேலே தூக்கிக்கொண்டு கிடந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. சக்தி பார்த்தாள், இன்னும் வேகமாக மிதித்தாள்.

ராசாங்கம் குட்டையில் மாடு கழுவிக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"அண்ணே, மீந்த வெத எங்கண்ணே?"

"குடுத்துட்டேன் டீச்சர். அள்ளி அள்ளிப் போட்டேன். இனிமே ஒருத்தி என்னைக் கஞ்சன்னு சொல்லட்டும் பாப்பம்."

"அது மருந்து போட்ட வெதண்ணே!"

"தெரியுமே. திங்கக் கூடாதுன்னு நீதான் காலையிலயே சொல்லிட்டியே. வூட்டோரமா ஊனிக்குவாங்க." வெற்றிச்செல்வியின் முகத்தைப் பார்த்து அவருக்குக் குரல் இறங்கியது. "பின்ன நான் என்னா பண்றது? வூட்டுக்குத் திருப்பிக் கொண்டாரச் சொல்றியா? போன வருசம் பட்டது போதாதா?"

மாட்டை அப்படியே விட்டுவிட்டு அவரும் ஓடிவந்தார்.

உண்ணாமலை வீட்டு வாசலில் முறத்தில் கறுப்புப் பருப்பு காய்ந்தது. முறத்தடியில் இரண்டு கோழிகள் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு கிடந்தன. "கோழிக்கு என்னமோ வந்துருச்சு டீச்சர். காலையில நல்லா மேஞ்சிக்கிட்டுத்தான் இருந்துச்சு" என்றாள். வெற்றிச்செல்வி முறத்தைப் பிடுங்கிக் கவிழ்த்தாள். "திங்கலையே? யாரும் திங்கலையே?" என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ராவைக்கு வறுக்கலாம்னு வச்சேன்" என்ற உண்ணாமலைக்கு அப்போதுதான் கோழியும் பருப்பும் ஒன்றோடொன்று சேர்ந்தன. வாயைப் பொத்திக்கொண்டு, "ஆண்டாயி போனதுமே அடுப்பப் பத்த வச்சாளே" என்றாள்.

ஆண்டாயி வாசலில் சட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள். கூட்டமாக வருகிறவர்களைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னண்ணே, குடுத்தது கூடிப்போச்சுன்னு திருப்பி வாங்க வந்துட்டியா?"

"அக்கா, கடலயத் தின்னீங்களா?" என்றாள் வெற்றிச்செல்வி.

"எனக்குப் பல்லுவலி. புள்ளைக்குத்தான் வேகவச்சுக் குடுத்தேன். அந்த மண்ணெண்ண வாட போற வரைக்கும் தண்ணி மாத்தி மாத்திக் கழுவிட்டேன்."

"அது மண்ணெண்ணெய் இல்லன்னு சொன்னேனேக்கா!"

"நீ சொன்ன. அன்னைக்கி நீயே தின்னியே டீச்சர், நாங்கல்லாம் பாத்துக்கிட்டுத்தான இருந்தோம்? அதுவும் இதே கருப்புதான்." ஆண்டாயி கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். சிரிப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை. "எங்கண்ணனப் பத்தி ஒனக்குத் தெரியாது. நாங்க திங்கக் கூடாதுன்னா அவன் என்னா வேணும்னாலும் சொல்லச் சொல்வான்."

"தேனு எங்க?"

"தூங்குறா. தின்னுட்டு வயிறு வலிக்குதுன்னா. படுடின்னேன். இந்நேரத்துக்கு எந்திரிச்சிருக்..." அவள் முடிக்கவில்லை. தட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

தேனு பாயில் ஒருக்களித்துக் கிடந்தாள். வாயோரம் எச்சில் ஒழுகிப் பாய் நனைந்திருந்தது. பாவாடை ஈரமாக இருந்தது. உடம்பு முழுக்க வேர்வை. வெற்றிச்செல்வி இமையைப் பிரித்துப் பார்த்தாள். கருமணி கடுகளவுக்குச் சுருங்கியிருந்தது. "தேனு, தேனு" என்று கூப்பிட்டாள். பிள்ளையின் விரல்கள் தாமாகத் துடித்தன, சத்தம் வரவில்லை.

ஆண்டாயி கத்திய கத்தல் தெருக்கோடிவரை கேட்டது. அரியமுத்து சார் பால் வண்டி ஒன்றை மறித்துக் கூட்டிவந்திருந்தார். பால் கேன்களை இறக்கிப் போட்டுவிட்டுப் பிள்ளையை ஏற்றினார்கள். ஜெயங்கொண்டம் போகிற வழியெல்லாம் வெற்றிச்செல்வி அதன் வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். மூச்சு விட்டு விட்டு வந்தது. ஒவ்வொரு முறை நிற்கும்போதும் கரும்பலகையில் அவள் எழுதிய வரிகள் ஒன்றொன்றாக அவள் கண்முன் வந்தன.

ஆஸ்பத்திரியில் டாக்டர், என்ன மருந்து என்று கேட்டார். அவளால் பெயர் சொல்ல முடிந்தது. "பேரு தெரிஞ்சது நல்லதாப் போச்சு" என்று அவர் ஊசியை எடுத்தார். "இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருக்கலாம்."

வெளியே வேப்பமரத்தடியில் ராசாங்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். மலர்கொடி நாத்தனாரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆண்டாயி அழுது தீர்த்து, குரல் கம்மி, அண்ணன் முன்னால் வந்து நின்றாள்.

"என் வாயக் கட்டத்தான் சொல்றன்னு நெனச்சேன் அண்ணே. கூடப் பொறந்தவளாச்சே, ஒன்ன எனக்குத் தெரியாதான்னு நெனச்சேன்."

"தாயி..."

"எத்தன வருசம் மண்ணெண்ண தெளிச்ச? ஒரு வருசம் தெளிக்காம இருந்திருந்தா நான் நம்பியிருப்பேன்ல?"

ராசாங்கம் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். கல் சுமந்த காலத்திலும் அவர் அழுது யாரும் பார்த்ததில்லை. ஆண்டாயி பிறகு வெற்றிச்செல்வியைப் பார்த்தாள். அவளை ஒன்றும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் வெற்றிச்செல்வி தாங்கியிருப்பாள்.

தேனு பிழைத்தாள். வீட்டுக்கு வந்தபோது உடம்பு பாதியாகியிருந்தது. டம்ளரைப் பிடித்தால் கை நடுங்கித் தண்ணீர் தளும்பும். அது போகுமா போகாதா என்று ஆஸ்பத்திரியில் யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. பார்க்கலாம் என்றார்கள்.

பள்ளக்கொல்லையில் கடலை அந்த ஊர் பார்க்காத முளைப்பு முளைத்தது. ஒரு செடி வாடவில்லை. போகிறவர்கள் நின்று பார்த்தார்கள், நன்றாக இருக்கிறது என்று சொல்லத் தயங்கிப் போனார்கள். ராசாங்கம் அந்தப் பக்கம் தலையைக் குனிந்துகொண்டே நடந்தார். கீழ்மூலையில் மட்டும் தண்ணீர் நின்று கொஞ்சம் இடம் அழுகிப் போயிருந்தது. அந்த இடத்தை நிரப்ப ஊடுவிதை போட வேண்டும். "மருந்து கிருந்து ஒண்ணும் வேணாம். புழு தின்னா தின்னுட்டுப் போவட்டும்" என்றார் ராசாங்கம். ஊடுவிதைக்கு முந்தின சாயங்காலம் வெற்றிச்செல்வியும் மலர்கொடியும் உட்கார்ந்து காய் உடைத்தார்கள். ரோஸ் நிறத்தில் சுத்தமான பருப்பு. மறுவாரம் வெற்றிச்செல்வியின் பயிற்சி முடிகிறது.

விடிந்ததும் உண்ணாமலை வந்தாள். ஆண்டாயியும் வந்தாள். வருவாள் என்று யாரும் நினைக்கவில்லை. தேனுவை வரப்பில் உட்கார வைத்துவிட்டு, களைக்கொட்டால் குத்திக் குத்திப் பருப்பு ஊன்றினாள். ஒரு பருப்புகூட யார் வாய்க்கும் போகவில்லை. ராசாங்கம் வரப்பிலிருந்து, "தின்னுங்களேன். சும்மா ஒண்ணு ரெண்டு தின்னுங்களேன்" என்றார். அது கெஞ்சுவதுபோல் இருந்தது.

வேலை முடிந்தது. கூடையில் மிஞ்சியதை ராசாங்கம் தங்கையின் முந்தானையில் கொட்டினார். ஆண்டாயி வாங்கிக்கொண்டாள். அதிலிருந்து ஒரு பருப்பை எடுத்துக்கொண்டு வெற்றிச்செல்விக்கு எதிரில் வந்து நின்று நீட்டினாள்.

"மொதல்ல நீ தின்னு டீச்சர். நீ தின்னா நானும் திங்குறேன்."

வெற்றிச்செல்வி வாங்கினாள். அது அவளே உடைத்த பருப்பு. அதில் ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். மென்று விழுங்கினால் போதும், ஆண்டாயி சிரித்துவிடுவாள். உண்ணாமலை ஏதாவது கேலி செய்வாள். ஊரைவிட்டு நல்லபடியாகப் போகலாம். அவளுக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது! பருப்பை உதட்டருகே கொண்டுபோனாள். அப்போது வரப்பைப் பார்த்தாள். தேனு அவளையே பார்த்துக்கொண்டு, நடுங்குகிற கையை நீட்டி, தன் வாயையும் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வெற்றிச்செல்வி கையை இறக்கினாள்.

"ஏன் டீச்சர், இதுலயும் இருக்கா?" என்றாள் ஆண்டாயி.

"இல்லக்கா. நல்ல பருப்புதான்."

"பின்ன தின்னு."

"நான் தின்னேன்னு நீங்க இனிமே எதையும் திங்கக் கூடாதுக்கா."

ஆண்டாயி அவளையே பார்த்தாள். கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல் கேட்டாள்.

"அப்ப நாங்க யாரப் பாத்துத்தான் டீச்சர் திங்குறது?"

வெற்றிச்செல்வி கையிலிருந்த பருப்பைப் பார்த்தாள். ஆண்டாயி கொஞ்சநேரம் காத்திருந்தாள். பிறகு திரும்பி, அழுகிய மூலையில் முந்தானையை உதறினாள். அத்தனை பருப்பும் ஒரே குழியில் விழுந்தது. காலால் மண்ணைத் தள்ளி மூடினாள். தேனுவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். ஒரு குழியில் அவ்வளவு விதை வீணாய்ப் போயிற்று. ராசாங்கம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.